உள்ளே திறக்கும் தட்டி

இரவில் தான் போடும் முடிச்சு விடியும்போது வேறு முடிச்சாக மாறியிருப்பது ஏன் என்று மூக்காயிக்கு விளங்கவில்லை. குடிசை வாசலின் ஓலைத் தட்டியை உள்ளேயிருந்து கயிற்றால் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் படுப்பாள். இன்றைக்கும் அங்கே ஒரு சுருக்கு இருந்தது. மாட்டைக் கட்டையில் பிணைக்கிறவர்கள் போடுகிற சுருக்கு.

அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் மகள் பொன்னுத்தாய் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

வடக்கே, முரசுமோட்டை ஊரில் அப்புத்துரையின் வயலில் களை பிடுங்க, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பெண்களுக்கென்று வயலோரம் சில குடிசைகள் இருந்தன. அவருடைய மாடுகளைப் பார்ப்பவன் வீரகத்தி. அவன்தான் தட்டிக்கும் வாசல் கப்புத் தூணுக்கும் இடையே கையை விட்டு அவிழ்த்திருக்கிறான். உள்ளே வராமல் திரும்பக் கட்டியும் வைத்திருக்கிறான். நினைத்தால் வரலாம் என்று காட்டுகிறான்.

வரம்பில் நின்ற அப்புத்துரையிடம் சொன்னாள்.

“உன்னட்டக் களவெடுக்க என்ன கிடக்கு?” என்று அவர் சிரித்தார்.

“பொண்ணு இருக்குங்கய்யா.”

சிரிப்பு நின்றது. பயமென்றால் வந்த வழியே போகலாம், குடிசைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். போவதற்கு எங்கே? தோட்டத்தில், லய வீடுகளின் வரிசையில் அவர்கள் இருந்த காம்பரா அறையில் இப்போது வேறு குடும்பம்.

ஊர் அதிகாரியான விதானையாரிடம் போனாள். அவர் பொல்லாதவரல்லர். முழுவதையும் கேட்டுவிட்டு, இந்த நாட்டுப் பிரசாவுரிமை இருக்கிறதா என்று விசாரித்தார். அவள் தலையாட்டினாள், இல்லையென்று.

“அப்ப நீ இஞ்ச இல்லாத ஆள், பிள்ளை. நான் பொலிசுக்குச் சொன்னா முதல்ல உன்னைத்தான் ஏத்திக்கொண்டு போவாங்கள்.”

லயத்தில் பலகைக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். இங்கே தட்டி வெளிப்பக்கமாகத் திறப்பது. வெளியே திறப்பதை உள்ளிருந்து இழுத்துத்தான் பிடிக்க வேண்டும். இழுத்துப் பிடிப்பது கயிறு. கயிற்றைக் கை அவிழ்க்கும். கம்பியும் அப்படித்தான். முடிச்சைக் கூட்டினால் அவனுக்குச் சற்று நேரம் கூடச் செல்லும், அவ்வளவே.

மத்தியானம் வீரகத்தி மாடுகளைக் குளத்துக்குச் சாய்த்துக்கொண்டு போன பிறகு, தாயும் மகளும் தட்டியைக் கழற்றினார்கள். அது வாசலைவிட அகலம். அதை உட்பக்கமாக வைத்து, ஒரு ஓரத்தை மட்டும் கப்பில் கட்டினார்கள். மூக்காயி நிலத்தில் ஒரு குழி தோண்டினாள். நுனி இரண்டாகப் பிரிந்த கவட்டுத் தடி ஒன்றைச் சாய்த்து, கவட்டைத் தட்டியின் நடுச்சட்டத்திலும் அடியைக் குழியிலும் வைத்தாள். ஓரத்து இடைவெளியிலிருந்து அங்கே கை எட்டாது.

பொன்னுத்தாய் வெளியே நின்று தள்ளினாள்.

“அவன் தள்ளுற மாதிரித் தள்ளு” என்றாள் தாய்.

மகள் கண்ணை மூடிக்கொண்டு தோளால் மோதினாள். தட்டி நடுங்கியது, தடியின் அடி மண்ணில் இன்னும் புதைந்தது.

ஓலைச் சுவரைப் பிய்த்துக்கொண்டும் வரலாம். பிய்த்தால் சத்தம் கேட்கும், அயல் குடிசைகள் விழிக்கும். விழித்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று மூக்காயி யோசிக்கவில்லை.

பொழுதுபடும் நேரம் மற்றப் பெண்கள் வந்து பார்த்தார்கள். தங்கள் முடிச்சுகளும் மாறியிருந்ததாக அப்போதுதான் இருவர் சொன்னார்கள். மூக்காயி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

“தட்டிய உள்ளாற தொறக்கிற மாதிரி கட்டுங்க. கவட்டுத் தடிய நடுச்சட்டத்துல முட்டுக் குடுங்க. அடி குழிக்குள்ள இருக்கணும். வெளியிலருந்து தள்ளத் தள்ள அது இறுகும்.”