சராசரி

"எருக்கஞ்செடியில ரெண்டு தேன்சிட்டு. ஒண்ணு ஆணு, ஒண்ணு பொட்டை" என்று செருப்பைக் கழற்றியபடியே சொன்னான் தம்பி. கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா நோட்டை மடியில் விரித்து வெள்ளிக்கிழமை என்று எழுதினாள். "எங்க உக்காந்திருந்துச்சு?" தினமும் கேட்கிற கேள்விதான். "பொட்டை மேல் கிளையில. ஆணு கீழ, தலைகீழாத் தொங்கித் தொங்கித் தேன் குடிச்சுது" என்றான். அக்கா அதையும் சிரித்துக்கொண்டே எழுதினாள். அவன் அன்று காலை நின்றது டீக்கடையில்.

பின்தெருக் காலிமனைக்கு அக்கா நாலு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள். எருக்கும் தும்பையும் நாயுருவியும் மண்டிய இடம். பாம்பு இருக்கும் என்று மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் நுண்ணோக்கியில் ரத்த அணுக்களை எண்ணியவள் அவள். ஓய்வு பெற்ற பிறகு புழு பூச்சி எண்ணக் கிளம்பிவிட்டாள் என்று தம்பி கேலி செய்வான். இரண்டு மாதத்துக்கு முன் படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. மூன்றாம் மாடி ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. "எனக்குப் பதிலா நீ போய் பத்து நிமிஷம் நில்லுடா. இருக்கிறதைச் சொல்லு, போதும்" என்றாள்.

ஒழுங்காகத்தான் போனான். பறப்பதெல்லாம் குருவி என்று இருந்தவனுக்கு, எருக்கிலையின் அடியில் வரிவரியாக நெளியும் புழுவைத் தேடத் தெரிந்தது. பிடிக்கவும் செய்தது, வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. போன திங்கட்கிழமை தூறல். டீ சூடாக இருந்தது, பேச்சுத்துணைக்கும் ஆள் இருந்தது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது அவன் வேலை. கதவு பூட்டியிருந்தால் வாசலில் தவமா கிடப்பார்கள்? முந்தின மாதங்களைப் பார்த்து ஒரு சராசரியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மனைக்கும் அப்படியே ஒரு சராசரி போட்டான்: தேன்சிட்டு ரெண்டு, தட்டான் ஒன்று, புழு மூன்று. யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தாராளமாகி ஒரு தையல்சிட்டையும் சேர்த்தான்.

அங்கேதான் கைமீறிப் போயிற்று. "தையல்சிட்டா? நாலு வருஷத்துல ஒரு நாள் வந்ததில்லையேடா!" என்று அக்கா நோட்டில் நட்சத்திரம் போட்டாள். வலிக்கிறது என்று ஆறு அடிக்கு மேல் வாக்கரை நகர்த்தாதவள், அன்று சமையலறை வரை போய்த் திரும்பினாள். எழுந்து நடந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

தைத்த நைட்டியைக் கொடுக்கக் கீழ்வீட்டுத் தையல்காரி வந்தாள். நோட்டைப் பார்த்து, "இன்னைக்கு என்ன வந்துச்சுக்கா?" என்றாள். அக்கா ஆசையாக எருக்கஞ்செடியைப் படித்துக் காட்டினாள்.

"எந்த எருக்கு? பின்தெரு மனையிலயா? அதைத்தான் திங்கக்கிழமையே புல்டோசர் விட்டு வழிச்சுட்டாங்களே! ஒரு புல்லு பூண்டு இல்ல. தூசியில நான் அஞ்சு நாளா ஜன்னலே திறக்கல. அண்ணனுக்குத் தெரியுமே..." என்று அவன் பக்கம் திரும்பியவள், அடுப்பில் பால் இருப்பது சட்டென்று ஞாபகம் வந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தாள். என்னடா என்று கேட்டதற்கு, ரோடு போடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்காமலே சொல்லியிருந்தான். இப்போது அக்கா பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினாள். வியாழன். புதன். நட்சத்திரம் வந்ததும் விரல் நின்றது.

"சராசரி போட்டியாடா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவனும் நாலு வார்த்தை எகிறியிருப்பான். சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். ஐம்பத்திரண்டு வயதில், அலுவலகத்தில் எத்தனையோ பேர் முன்னால் திட்டு வாங்கித் துடைத்துப் போட்டவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாய் திறந்தால் இன்னொரு பொய் வந்துவிடும் என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினான்.

"அதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம்?"

"சத்தியமா பாத்ததுக்கா" என்றான். அவனுக்கே அது பொய்போலக் கேட்டது.

வேலைக்கு நேரமாகியும் நேரே மனைக்குப் போனான். தட்டையான மண், சக்கரத் தடம், மூலையில் பிடுங்கிப்போட்ட செடிகள் காய்ந்த குப்பை. பத்து நிமிஷம் நின்றான். ஒன்றும் வரவில்லை. போக மனமில்லாமல் நின்றுகொண்டே இருந்தான். வெயில் ஏறிச் சட்டை முதுகில் ஒட்டிய பிறகு, பொட்டைத் தேன்சிட்டு ஒன்று வந்தது. எல்லைக்கு நட்டிருந்த இரும்புக் கம்பியின் நுனியில் உட்கார்ந்தது. பூ இருந்த பக்கமெல்லாம் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பிப் பார்த்தது. கீச்சென்று ஒரு சத்தம், போய்விட்டது. அவன் வீட்டுக்குத் திரும்பி மாடிப்படிகளில் ஓட்டமாக ஏறினான்.

"அக்கா, ஒரே ஒரு தேன்சிட்டு. பொட்டை. இப்பதான் பாத்தேன்."

"ம்" என்றாள் அக்கா.

எங்கே உட்கார்ந்திருந்தது என்று கேட்பாள் என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். நோட்டு மூடிக் கிடந்தது, அதன் மேல் பென்சில். அக்கா எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.