கல் தாலா

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரதீபனைப் போராட்டத்துக்கு விரட்டியதே நான்தான். மழையில் உடைந்துபோன எங்கள் தேயிலைத் தோட்டப் பாதையைச் செய்து தரச் சொல்லி ஓப்பநாயக்க டவுன் சந்தியில் நிற்கப்போவதாக ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். அதற்கு எண்ணூறு லைக். "எண்ணூறு பேரு வர்ற எடத்துக்கு நீங்க மட்டும் போகாம வீட்ல குந்திக்கிட்டு இருந்தா ஊரு சிரிக்காதா?" என்று கேட்டேன். என் புருஷன் கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குகிற ஆள். என் வாய்க்குப் பயந்துதான் சட்டையை மாட்டினார்.

பதினொரு மணிக்குத் தனுஜாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பெண். ஓப்பநாயக்கவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். சிங்கள நியூஸ் ஏதாவது கண்ணில் பட்டால் அதை அப்படியே தமிழ் எழுத்தில் அடித்து எனக்கு அனுப்புவாள். சிங்களம் பேசுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்.

வந்தது ஒரே வரி: "உத்கோஷணய கல் தாலா."

உத்கோஷணய என்றால் போராட்டம். தாலா என்றால் போட்டிருக்கிறார்கள். நடுவில் கல். பிரதீபனுக்குப் போன் எடுத்தேன், லைன் போகவில்லை. மூன்று தடவை எடுத்தும் அதே கதை. போகாதவரைப் பிடித்துத் தள்ளியவள் நான். அவர் மண்டை உடைந்தால் நான் உடைத்த மாதிரிதானே?

தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் அடித்தேன்: "ஓப்பநாயக்கவுல நம்ம ஆளுங்க மேல கல்லு வீசுறாங்க. யாராச்சும் ஓடுங்க."

பத்து நிமிடத்தில் அது பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய்விட்டது. எவனோ புண்ணியவான், இரத்தம் வடியும் ஒரு தலையின் படத்தையும் அதோடு சேர்த்துவிட்டான். அது யார் தலையோ, எந்த வருஷத்துத் தலையோ! எனக்கு மட்டும் அது பிரதீபனாகவே தெரிந்தது. வெளியே எங்கள் தோட்டத்துக் கிருஷ்ணராஜின் லொறி ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனது.

அப்போதுதான் குரூப்பைப் பார்த்துவிட்டுத் தனுஜா போன் எடுத்தாள். "அக்கா, என்ன கல்லு? இங்க ஒரு ஈ காக்கா இல்ல. வந்தவங்களும் பஸ் ஏறிட்டாங்க. கல் தாலான்னா தள்ளிப் போட்டுட்டாங்கன்னு தானே? அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு!"

சிங்களத்தில் கல்லுக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான்; முதல் எழுத்தை மட்டும் தங்கத்தில் வரும் 'க' மாதிரிச் சொல்லவேண்டும். வாயால் சொல்லியிருந்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே கல். கல்லெறிந்தால் 'கஹலா' என்றல்லவா சொல்வார்கள், இதுகூட உறைக்காமல் போன என் புத்தியை என்னவென்பது?

போட்டதை அழித்தேன். "நான் போட்டது தப்பு, போராட்டம் தள்ளிப் போயிருக்கு" என்று எழுதினேன். "யாருக்கா ஒங்கள மெரட்டுனது?" என்று ஒருவன் கேட்டான். "தோட்டக் கம்பெனிக்காரன் எழுதச் சொன்னானா?" என்றான் இன்னொருவன். பொய்யை மூச்சுவிடாமல் நம்பியவர்களுக்கு உண்மை மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

போன் அடித்தது. பிரதீபன்.

"கலா, பயப்படாத. பஸ்ல வந்துக்கிட்டு இருந்தேன், நீ போட்டதப் பாத்ததும் பாதியிலயே எறங்கிட்டேன். கிருஷ்ணராஜ் லொறியில திரும்பிப் போறோம்."

"ஐயோ, போகாதீங்க! அதெல்லாம் பொய்ங்க!"

"வேற எவன் போட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நீ போட்டிருந்தியே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கல் தாலாவை விளக்கினேன். அவர், "லொறியில முப்பது பேரு இருக்காங்க. நான் சொன்னா பயந்தாங்கொள்ளிம்பாங்க. நீயே சொல்லு" என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"நான் விஜயகலா பேசுறேன். யாரும் யாரையும் அடிக்கல. நான்தான் தப்பா வாசிச்சுட்டேன். எல்லாரும் திரும்பி வந்துருங்க."

எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் யாரோ சொன்னார்கள்:

"அது சரி, இம்புட்டுக் கல்ல பொறுக்கி ஏத்திட்டமே. இப்ப என்ன செய்றது?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "ஓப்பநாயக்கவுக்கே விடு!" என்று எவனோ கத்த, நான் வாயைத் திறப்பதற்குள் லொறி கிளம்பிவிட்டது. பிரதீபனும் அதில்தான் இருந்தார்.