மார்கழிக்கு முன் மூன்று பெட்டிகள்

சிதம்பரத்துக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பெட்டிகளும் திரும்பி வந்தன. அரிசிப் பையில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, கடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லையாம். பையை வாங்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கடைக்கு நடந்தபோது இருந்த ஆத்திரத்துக்கு, வழியில் யாராவது வணக்கம் வைத்திருந்தால்கூடச் சண்டைக்குப் போயிருப்பேன்.

டிபன் டப்பா அளவுள்ள குட்டிக் கம்ப்யூட்டர்கள் அவை. அவற்றை வைத்துத்தான் என் மச்சான் அருண்பாண்டியனை ஊரில் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் மனைவி வினோதினிக்கு ஒரே தம்பி. சென்னைக் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது வேலை போய் எங்கள் வீட்டுக்கு வந்தவன். பக்கவாதம் வந்து என் மாமியார் கொளஞ்சியம்மாளும் எங்களோடுதான் படுத்த படுக்கையாக இருந்தார். அவனுடைய சிநேகிதன் சிலம்பரசன் ரியாத்தில் வேலை பேசி வைத்திருந்தான். "அம்மா இருக்கற வரைக்கும் தம்பிய எங்கயும் அனுப்பாதீங்க" என்று வினோதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அப்படிக் கெஞ்சுகிற ஆள் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

பிரிண்டர் ரிப்பேர் பார்க்கும் கடையில் அவனுக்கு என்ன வேலை கொடுப்பது? அந்த நேரம் பார்த்து டாக்டர் சூர்யநாராயணன் கிடைத்தார். சிதம்பரத்தில் சின்னதாகக் கண் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொள்ளப் பெரிய சர்வர் வாங்க அவருக்கு மனசும் இல்லை, வைக்க இடமும் இல்லை. "குட்டிப் பெட்டியிலயே முடிச்சிடலாம் சார்" என்றான் அருண். நன்றாக ஓடினால் தெரிந்த டாக்டர்களிடமெல்லாம் சொல்வதாக அவரும் வாக்குக் கொடுத்தார். இந்த வேலை நிலைத்துவிட்டால் ரியாத் வேண்டாமென்று சொல்லிவிடுவதாக அருண் அக்காவிடம் தலையாட்டினான்.

சர்வருக்கான விண்டோஸைப் போட்டதுமே பெட்டி முரண்டு பிடித்தது. நெட்வொர்க் கார்டே இல்லை என்று சாதித்தது. கேபிள் சொருகியிருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனாலும் இல்லையாம். இந்த மாதிரிப் புளுகை நான் அரசியல் மேடையில்தான் கேட்டிருக்கிறேன்.

"கார்டு நல்லாத்தான் மாமா இருக்குது" என்றான் அருண். "வீட்டு உபயோகத்துக்குப் பண்ண கார்டு, அதான் சர்வர்ல சேத்துக்க மாட்டேங்குது. சர்வர் கார்டு, வீட்டுக் கார்டு ரெண்டுத்துக்கும் உள்ள இருக்கற சில்லு ஒண்ணுதான். 'நான் இன்ன கார்டு'ன்னு அது ஒரு நம்பர் சொல்லுதே, அது மட்டும் வேற."

"அத மாத்த முடியுமா?"

"முடியும். ஃபர்ம்வேர்ல கை வெக்கணும். தப்பாப் போச்சுன்னா கார்டு செத்துடும்."

ஃபர்ம்வேர் என்பது அந்தச் சில்லுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் விவரம். முதல் பெட்டியோடு அவன் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு எண்ணை மாற்றுவான், பெட்டியை அணைத்துப் போடுவான், உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்ப்பான். ஒரு மத்தியானம் விண்டோஸ் கார்டை ஏற்றுக்கொண்டது. சென்னையிலிருந்து வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இனி இவன் எங்கும் போகமாட்டான் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் வினோதினிக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

மறுநாளே டாக்டர் போன் செய்தார். "மார்கழி பொறந்துட்டா நாங்க புதுசா எதுவும் ஆரம்பிக்க மாட்டோம். கார்த்திகைக்குள்ள பூஜை போட்டுடணும். இல்லேன்னா தை மாசந்தான்."

கார்த்திகை முடிய ஒரு நாள்தான் மிச்சம். தை வரைக்கும் ரியாத்காரன் காத்திருக்க மாட்டான். அருண் முதல் பெட்டியின் ஃபர்ம்வேரை அப்படியே நகல் எடுத்து மற்ற இரண்டிலும் எழுதினான். ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து ஓட்டினோம், மூன்றும் ஓடின. மூன்றையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க நேரமில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் சிதம்பரம் போய்ச் சேரவேண்டுமே.

அங்கே பெட்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். மூன்றையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்ததும் தொடங்கியது கூத்து. ஒன்று பேசினால் மற்றது செத்துவிடும். அதை எழுப்பினால் இது படுத்துவிடும். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம், வரவேற்பில் இருந்த லோகநாயகி திரும்பத் திரும்பப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள். அருண் கேபிளை மாற்றினான், சுவிட்சை மாற்றினான். வியர்த்து ஊற்றியது. "ஆரம்பமே சரியில்லையே, வேணாம், விட்டுடுங்கோ" என்றார் டாக்டர். பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டும்வரை அருண் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "நான் ரியாத்துக்கே போறேன் மாமா" என்றான்.

மார்கழியிலேயே விமானம் ஏறினான். வினோதினி வாசல்வரைகூட வரவில்லை.

இப்போது தை பிறந்து பெட்டிகள் வந்திருக்கின்றன. பையைப் பிரித்தேன், சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. எதற்காகச் செத்தன என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. மூன்றையும் ஒரே சுவிட்சில் மாட்டி, ஒவ்வொன்றின் நெட்வொர்க் முகவரியையும் பார்த்தேன். ஒரு கார்டின் முகவரி இன்னொன்றுக்கு இருக்கக் கூடாது. இங்கே மூன்றுக்கும் ஒரே முகவரி. நகல் எடுத்தபோது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரே கதவு எண் எழுதி வைத்தால் தபால்காரர் என்ன செய்வார்?

அவற்றின் சொந்த முகவரி பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் இருந்தது. இரண்டு பெட்டிகளில் அதைத் திரும்ப எழுதினேன். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் மூன்றும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிட்டன. இதற்காகவா ஒரு பிள்ளை கடல் தாண்டிப் போனான்? உடனே ரியாத்துக்குப் போன் போட்டேன்.

"மச்சான், கோளாறக் கண்டுபுடிச்சிட்டேன்டா!"

"அட்ரஸ் தானே மாமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு பஸ்ஸுல வரும்போதே தெரிஞ்சிடுச்சு."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "தெரிஞ்சிகிட்டா கல்லு மாதிரி உக்காந்திருந்த? அப்பவே எறங்கித் திரும்பிப் போயிருக்கலாமேடா! உங்க அக்கா இங்க சரியா சாப்புடக்கூட மாட்டேங்குறா, தெரியுமா உனக்கு?"

"சரி பண்ணியிருந்தா நான் அங்கயே இருந்தாவணும் மாமா."

"இருந்தா என்ன?"

"அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியல" என்றான். "அக்கா பக்கத்துல இருந்தா எம் பேர எடுத்துக் குடுக்கும், அம்மாவும் அருணுன்னு சொல்லும். நான் தனியா கஞ்சி ஊட்டும்போது, நீ யாரு வூட்டுப் புள்ள, இருட்டப் போவுது, உங்கம்மா தேடமாட்டாளான்னு கேக்கும். தெனமும் கேக்கும். என்னால முடியல மாமா. அக்காகிட்ட சொல்லிடாதீங்க, அது தாங்காது."

"சாப்பாடு ஒத்துக்குதா?" என்று மட்டும் கேட்டேன். ஒத்துக்கொள்கிறது என்றான்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் வினோதினி சாப்பிடக் கூப்பிட வந்தாள். கையில் அம்மாவின் கஞ்சிக் கிண்ணம். மேஜையில் மூன்று பெட்டிகளிலும் விளக்கு துடிப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஏங்க, இது ஓடுதா?"

"ஓடுது."

"மூணுமா?"

"மூணுந்தான்."

"என்ன கோளாறாம்?"

"அட்ரஸ் மாறியிருந்தது. சின்ன வேலதான்."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் மாறியது. "சின்ன வேலையா? அப்ப இத அன்னிக்கே பாத்திருந்தா எந் தம்பி இங்கயே இருந்திருப்பான்ல?"

நான் பெட்டியைப் பார்த்தேன்.

"ஊருல இருக்கறவங்க எல்லாரையும் வாய் கிழியப் பேசறீங்களே. இத ஒருவாட்டி குனிஞ்சி பாக்க முடியலயா உங்களால? எங்கம்மாவுக்குக் கொள்ளி வெக்கக்கூட ஆள் இல்லாம பண்ணிட்டீங்களே!"

அவன் பஸ்ஸிலேயே கண்டுபிடித்துவிட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"பாத்திருக்கணும்" என்றேன். "என் தப்புதான்."

எதிர்த்துப் பேசுவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. சாப்பிடக் கூப்பிடாமலே உள்ளே போனாள்.