முன் சக்கரத்தில் மச்சான்

எங்கள் ஊரில் கல்யாண நேரத்தில் கோபித்துக்கொள்கிறவர்கள், பெண் வீட்டுக் காரின் சக்கரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பழைய கார் என்றால் பேரிங்கில் இடம் தாராளமாக இருக்கும். எங்கள் காருக்கு இருபத்திரண்டு வயது.

என் மச்சான் தணிகாசலம் செவ்வாய்க்கிழமை உள்ளே போனார். பத்திரிகையில் அவர் பெயரை என் தம்பி பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டோம். தாய்மாமன் பெயர்! தப்பு எங்கள் மேல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மாமா வந்து மாலை போடாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று என் மகள் தாரிணி சொல்லிவிட்டாள்.

காரை எடுத்தாலே 'ஊம்ம்ம்' என்று முனகல். வேகம் கூடக் கூட அவர் கோபமும் கூடியது.

"முன்பக்கம் இடது சக்கரந்தாங்க. எங்க அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள் என் மனைவி கோமளா. அந்தச் சக்கரத்துக்கு முன்னால் வெற்றிலை பாக்குத் தட்டை வைத்து முறையாக அழைத்தோம். மறுபடி காரை எடுத்தால் அதே முனகல்.

மெக்கானிக் ஜெபராஜைக் கூட்டிவந்தேன். அவர் காரை ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கம் திருப்பினால் முனகல் ஏறியது, வலப்பக்கம் திருப்பினால் அடங்கியது.

"காதை நம்பக் கூடாது சார். இடது பக்கம் திரும்பினா பாரம் வலது சக்கரத்துல விழும். மச்சான் வலதுல இருக்காரு."

ஜாக்கி போட்டுத் தூக்கினார். வலது சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு மேலே இருந்த ஸ்பிரிங்கைத் தொட்டு அதிர்வு பார்த்தார். "கரகரங்குது. நல்ல கோபம். பேரிங்கை மாத்தினா சத்தம் போயிரும். மச்சானும் போயிருவாரு."

"ஐயையோ, அதுல கை வச்சிராதீங்க!" என்றாள் கோமளா.

தட்டைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் ஓடினோம்.

"மொதல்ல அங்கதானே போனீங்க?" என்றது பேரிங். எவ்வளவு கெஞ்சியும் மச்சான் இறங்கி வரவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டப வாசலில் கார் நின்றதும் முன் இடது சக்கரம் கழன்று இறங்கியது. வெற்றிலை வைத்து அழைத்திருக்கிறோமே, வராமல் இருக்குமா? பட்டு அங்கவஸ்திரம் சுற்றிக்கொண்டு மேடைக்கு உருண்டுபோய், தாய்மாமன் இடத்தில் நின்றது. ஐயர் மாலையை அதனிடம் நீட்டினார்.

"டேய், அது என் மாலைடா!"

மச்சான் வலது சக்கரத்திலிருந்து குதித்து, வேட்டியெல்லாம் கிரீஸோடு மேடைக்கு ஓடிவந்தார். மாலையைப் பிடுங்கித் தாரிணிக்குப் போட்டார். "எங்க மாமா போயிட்டீங்க?" என்று அவள் அழுதாள், சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த அமளியில் சக்கரத்தைச் சாப்பிடக் கூப்பிட எல்லோருமே மறந்துவிட்டோம். பந்தி முடிந்து தேடினால் ஆளைக் காணவில்லை.

மறுநாள் மச்சான் எங்கள் வீட்டுக்குள் நடந்து வரும்போது 'ஊம்ம்ம்' என்று கேட்டது. காரைப் பார்க்க வந்திருந்த ஜெபராஜ் அவரை இடப்பக்கம் திரும்பி நடக்கச் சொன்னார். முனகல் ஏறியது.

"வலது முழங்கால்" என்றார்.

கோமளா வாழை இலையை விரித்துச் சோறு போட்டு, மச்சானின் வலது முழங்காலைப் பார்த்து, "கோவிச்சுக்காம சாப்பிட வாங்க" என்றாள்.