ஜும்ஆவுக்கு நிறுத்திய இடம்

ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது கொங்கிரீட் நடு அறைக்கு மேலே பாதி வரை வந்திருந்தது.

சாய்ந்தமருதில் பதியுதீன் தன் மகள் மர்ஷூதாவுக்குச் சீதனமாகக் கட்டும் வீடு அது. கல்யாணம் முடிந்ததும் மகளும் மருமகனும் அதில் குடியிருப்பார்கள். பதியுதீனும் மனைவியும் பின்வளவுத் தகரக் கொட்டிலுக்குப் போவார்கள். கூரை வேண்டாம், கொங்கிரீட் தட்டுத்தான் வேண்டும், அதையும் வெள்ளிக்கிழமை போடுங்கள், பறக்கத்தான நாள் என்று சொன்னவர் மாப்பிள்ளையின் தாய் சித்தி லைலா.

கச்சான் காற்று அனலாக வீசியது.

“காக்கா, பாதியில விட்டா ஓரம் காஞ்சிரும். பொறகு போடுறது ஒட்டாது” என்றான் மேசன் கேதீஸ்வரன் பதியுதீனிடம். பாண்டிருப்புக்காரன். “இந்த அறைய மட்டும் முடிச்சிட்டுப் போங்க.”

பதியுதீன் யோசித்தபடி நின்றார். அப்போதுதான் மாப்பிள்ளை சப்ரி வெள்ளை ஜுப்பாவில் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

“மாமா, ஜும்ஆவ விட்டுட்டா நான் குடியிருக்கிற ஊட்டக் கட்டப் போறீங்க?”

மிக்சரை அவனே நிறுத்தினான். கூலியாட்கள் கை கழுவினார்கள். பள்ளியில் குத்பாப் பிரசங்கம் நீண்டது. திரும்பி வந்தபோது ஓரம் இறுகியிருந்தது. கேதீஸ்வரன் அதைக் கொத்தி, சீமெந்துப் பால் ஊற்றி, மிச்சத்தைப் போட்டான்.

தட்டைத் தாங்கிய பலகை கழற்றிய அன்று வெடிப்பு தெரிந்தது. சுவருக்குச் சுவர், கயிறு பிடித்துக் கீறியதுபோல. பதியுதீன் சீமெந்து குழைத்துப் பூசினார். காய்ந்ததும் பூச்சிலும் அதே கோடு.

செய்தி மாப்பிள்ளையின் ஊரான மருதமுனைக்குப் போக அதிக நேரம் எடுக்கவில்லை. சித்தி லைலா மகனோடு வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். குடை நுனியால் வெடிப்பைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை.

“கட்டில் எங்க வரும்?”

மர்ஷூதா வெடிப்புக்கு நேர்கீழே கை காட்டினாள்.

“அதில நில்லு புள்ள. சம்பந்தி, மேல ஏறி ஒரு வாளி தண்ணி ஊத்துங்க பாப்பம்.”

சுவர் பூசிக்கொண்டிருந்த கேதீஸ்வரன் திரும்பினான். “நான் ஏறுறன்.”

“ஊடு குடுக்கிறவர் ஏறட்டும்.”

பதியுதீன் வாளியோடு ஏணியில் ஏறினார். நடுப்படியில் கால் வழுக்கியது. தண்ணீர் அவர் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது.

“நிரப்பிட்டு வாங்க” என்றார் லைலா. “அவசரமில்ல.”

இரண்டாம் முறை ஏறிவிட்டார். மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மர்ஷூதா கண்களை மூடிக்கொண்டாள்.

“நனஞ்சா சொல்லு.”

முதல் சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.

“நனையிதா?”

“இல்ல மாமி.”

அடுத்தது இமையில் விழுந்து கன்னத்தில் இறங்கியது.

“இப்ப?”

“இல்ல மாமி.”

லைலா அந்தக் கன்னத்தை ஒரு விரலால் வழித்தார். விரலை மகனிடம் காட்டினார்.

“வேர்வையாக்கும்.”

சப்ரி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதியுதீன் இறங்கி வந்தார்.

“என்னத்தால வந்த இது?” என்றார் லைலா.

“அண்டைக்கு ஜும்ஆவுக்கு நிப்பாட்டின இடம். அதுக்குள்ள ஓரம் காஞ்சு...”

“அஸ்தஃபிருல்லாஹ். தொழப் போனதால ஊடு வெடிச்செண்டு சொல்றீங்களா? இத நான் பள்ளியில போய்ச் சொல்லட்டா?”

பதியுதீனின் சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் சப்ரியைப் பார்த்தார். சப்ரி சுவரைப் பார்த்தான்.

“இல்ல” என்றார் பதியுதீன். “மேசன்ட பிழ.”

கேதீஸ்வரன் கரண்டியைக் கலவைக்குள் போட்டான். அதை எடுக்காமலே படலையைத் திறந்து வெளியே போனான்.

“வேல தெரியாதவன வெச்சுக் கட்டின ஊட்டுக்கு என்ட மகன அனுப்பேலா” என்றார் லைலா. “அவனுக்கு வேற இடத்துச் சம்பந்தம் வந்திரிக்கி. அதையும் பாக்கத்தான் வேணும்.”

குடையை விரித்துக்கொண்டு காருக்கு நடந்தார். சப்ரி பின்னால் போனான். வாசலில் மர்ஷூதா அவனுக்குக் குறுக்கே நின்றாள். முகத்தை அவள் துடைக்கவில்லை.

“அண்டைக்கு மிக்சர நிப்பாட்டினது ஆரெண்டு உங்கட உம்மாட்டச் சொல்லுங்க. கார்ல ஏற முந்திச் சொல்லுங்க.”