பத்து நாற்பது வண்டி

அமலோற்பவம் சரியாகப் பத்து நாற்பதுக்கு ரயிலானாள். பத்து முப்பத்தொன்பது வரைக்கும் அவள் சைக்கிள் மிதித்து வந்த அறுபத்திரண்டு வயதுப் புதுச்சேரிக்காரி. வேறு ஒரு விசேஷமும் கிடையாது.

நடந்த இடம் ப்ரெலான் என்ற ஊரின் ஸ்டேஷன். பிரான்ஸில் திராட்சைத் தோட்டமும் வெள்ளை மாடும் மிகுந்த பக்கம். அங்கே ஓடிய ரயில் பாதையை எப்போதோ மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, அது கிடந்த இடத்தில் பொடி ஜல்லியைப் பரப்பி, சைக்கிள்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தகவல் ப்ரெலான் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. போயிருக்கும்; அவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்க மாட்டார்.

அவர் சிவப்புத் தொப்பியுடன் வந்து அவளுடைய முன்சக்கரத்தைப் பார்த்தார். பின்சக்கரத்தையும் பார்த்தார்.

"உருள்கிறது," என்றார்.

பிறகு ஒலிபெருக்கியை எடுத்து, பத்து நாற்பது வண்டி முதல் நடைமேடைக்கு வந்து சேர்ந்திருப்பதாகவும், வண்டி பதினோரு வருடம் தாமதம் என்றும், அதற்காக வருந்துவதாகவும் அறிவித்தார்.

பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த நாற்பத்திரண்டு பேர் பெட்டிகளுடன் எழுந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண்மணி கையில் விரித்திருந்த பத்திரிகையை மடித்துவிட்டு, நல்லவேளை குறுக்கெழுத்தை முடித்துவிட்டேன் என்றாள்.

அமலோற்பவம்தான் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தாள். ரயிலானதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாரிஸில் முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். திடீரென்று எதைச் செய்யச் சொன்னாலும் செய்துவிட்டு மறுவேலை பார்க்கிற பழக்கம். ஆனால் அந்தப் பதினோரு வருடம் இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

விஷயம் இதுதான். இந்தப் பாதையின் முப்பத்தொன்றாம் எண் ரயில்வே கேட்டை ஒட்டிய சின்ன வீட்டில் அவளுடைய அக்கா சலேத்து மேரி இருக்கிறாள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமா அமைதிக்கு ஆசைப்பட்டு வாங்கிய வீடு. மாமா போய் நாற்பது நாள் ஆனபோது அக்கா போன் செய்து, தனியாக இருக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை வா என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்றாள் இவள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இவளே போன் செய்து, சாலை முழுக்க வண்டியாக நிற்கிறது, ஒரு அடி நகர முடியவில்லை, திரும்பிப் போகிறேன் என்று சொன்னாள்.

அப்போது அவள் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் சமையல் போட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அழுவாள் என்று பயம். அழுகிற அக்காவை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டால் தாங்க மாட்டோம் என்று தோன்றியது. பிறகு வெட்கம் வந்தது. அப்புறம் வெட்கத்துக்கு மேல் வெட்கம். மாதங்கள் வருடங்களாகிவிட்டன.

போன மாதம் ஒரு சிநேகிதி சுற்றுலாக் காகிதம் ஒன்றைக் காட்டினாள். நாற்பது கிலோமீட்டர் ஜல்லிப் பாதை, வண்டி வாகனமே கிடையாது, முப்பத்தொன்றாம் கேட் வழியாகப் போகிறது என்று போட்டிருந்தது. இனி சாக்கு இல்லை என்று அமலோற்பவத்துக்கு விளங்கிவிட்டது. தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்று வாங்கிக்கொண்டு புறப்பட்டாள். அக்காவிடம் சொல்ல வேண்டியது ஒரே விஷயம்: அன்று பொய் சொன்னேன். அதைத்தான் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதையெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்ல முடியுமா? முப்பத்தொன்றாம் கேட்டில் இறங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ரயில் எங்கேயும் இறங்காது, பயணிகள்தான் இறங்குவார்கள் என்று அவர் திருத்தினார். அந்தக் கேட்டில் இந்த வண்டி நிற்கவும் நிற்காது, தாண்டிப் போகும். அதுவும் மூன்று மணிக்குள் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை ரத்து செய்துவிடுவார்கள். வண்டி ரத்தானால் கேட்டும் ரத்து, கேட்கீப்பரும் ரத்து. அந்தக் கேட்டில் அக்காவை விட்டால் வேறு ஆள் கிடையாது என்பது அமலோற்பவத்துக்குத் தெரியும்.

"கேட்கீப்பரை எங்கே அனுப்புவீர்கள்?"

"அனுப்ப மாட்டோம், மதாம். இல்லை என்று எழுதிவிடுவோம்."

அவர் பச்சைக் கொடியை அசைத்தார். அமலோற்பவம் பெடலை மிதித்தாள்.

நாற்பத்திரண்டு பேரும் அவளுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். முதல் வகுப்பில் முன்னால் போகிறவரின் தோளைப் பிடிக்கலாம். இரண்டாம் வகுப்பில் சட்டையைத்தான் பிடிக்க வேண்டும். கஸ்பார் என்ற ஒல்லியான டிக்கெட் பரிசோதகர் எல்லாருடைய பிடியையும் சரிபார்த்துவிட்டு, ஜன்னலோரம் கேட்ட ஒருவரை வரிசைக்கு இடது பக்கம் ஓடச் சொன்னார். சைக்கிளின் கேரியர் உணவுப் பெட்டி. அதில் ஒரு கனத்த ஆள் குறுக்காக உட்கார்ந்து காப்பி கலந்துகொண்டிருந்தார். அவருடைய எடையை அமலோற்பவம் உணரவே இல்லை. ரயிலுக்கு அதெல்லாம் தெரியாது போலிருக்கிறது.

சிக்னல்கள் மாடுகள். படுத்திருந்தால் போகலாம், எழுந்து நின்றால் நிற்க வேண்டும். முதல் மாடு படுத்திருந்தது. இரண்டாவது மாடு எழுந்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது, அதனால் மெதுவாகப் போனார்கள்.

பிறகு ஒரு சுரங்கப்பாதை வந்தது. நூறு மீட்டர் என்று பலகையில் போட்டிருந்தது. கால் மணி நேரம் மிதித்தும் முடியவில்லை. மறுமுனை வெளிச்சம் பட்டாணி அளவில் தெரிந்து, மிதிக்க மிதிக்கப் பின்வாங்கியது. நுழையும்போது நீங்கள் வணக்கம் சொல்லவில்லை என்று பின்னாலிருந்து கஸ்பார் வருத்தத்துடன் நினைவூட்டினார். அமலோற்பவம் இருட்டைப் பார்த்து, "பொன்ஷூர்," என்றாள். சுரங்கப்பாதை உடனே முடிந்துவிட்டது.

வெளியே வெயில் பளபளவென்று இருந்தது. டயருக்கடியில் ஜல்லி நறநறத்தது. பக்கத்தில் நீண்ட தார்ச்சாலையில் ஒரு கார் இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை. நாற்பத்திரண்டு பேரும் ஒரே தாளத்தில் மூச்சு வாங்க, அது நிஜமாகவே புகைவண்டிச் சத்தமாகக் கேட்டது. அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே மணியை அடித்தாள், அது 'கூ' என்று ஊதியது.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய இறக்கம் ஒன்றின் நடுவில் இருந்தார்கள். சைக்கிள் நின்றுவிட்டது. பிரேக்கைத் தொடவே இல்லை. இறக்கத்தில் அப்படியே சாய்ந்து நின்றது, உருளவில்லை.

மதிய உணவு நேரம் என்றார் கஸ்பார். இறக்கம் இரண்டு மணிக்குத்தான் திறக்கும்.

"இறக்கம் எப்படி மூடும்?"

"பன்னிரண்டுக்கு மூடும்."

அக்காவை இல்லை என்று எழுதிவிடுவார்கள், கொஞ்சம் முன்னால் திறக்கச் சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சினாள். மிதித்துப் பார்த்தாள். இறங்கி இழுத்தும் பார்த்தாள். சைக்கிள் அசைந்து கொடுக்கவில்லை. சாப்பிடுகிற இறக்கத்தைத் தொந்தரவு செய்வது அழகல்ல என்று குறுக்கெழுத்துப் பெண்மணி மெல்லச் சொன்னாள். அதற்குள் சரிவில் மேஜை விரிப்பை விரித்துவிட்டார்கள். தட்டுகள் சாய்ந்திருந்தும் எதுவும் உருளவில்லை. அமலோற்பவத்தின் கையில் ஒரு துண்டு ரொட்டியும் நெடி தூக்கலான பாலாடைக் கட்டியும் வந்தன. அழுதுகொண்டே சாப்பிட்டாள். ருசியாக இருந்தது, அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டு மணிக்கு இறக்கம் திறந்தது. நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்த இறக்கம். காலையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு செங்குத்தாக வேலைக்கு வந்திருந்தது.

சைக்கிள் பறந்தது. பின்னால் நாற்பத்திரண்டு பேரின் கால்கள் தரையில் பாவவில்லை. சட்டையைப் பிடித்திருந்த இரண்டாம் வகுப்பு முழுக்க பட்டத்து வால் மாதிரி மேலே எழும்பியது. காப்பிக்காரர் ஒரு சொட்டும் சிந்தாமல் கோப்பைகளைப் பின்னுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மாடுகள் எல்லாம் தாமாகவே படுத்துக்கொண்டன. அமலோற்பவம் பெடலிலிருந்து இரண்டு காலையும் தூக்கிவிட்டாள். பத்து வயதில் கடற்கரைச் சாலையில் அக்கா பின்னால் பிடித்துத் தள்ளியபோதுகூட இவ்வளவு வேகம் போனதில்லை. மூன்று நிமிடத் தாமதத்தை ஈடுகட்டிவிட்டோம் என்று கஸ்பார் அறிவித்தார். எல்லாரும் காற்றில் இருந்தபடியே கை தட்டினார்கள்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு முப்பத்தொன்றாம் கேட் தெரிந்தது.

கேட் சாலைக்கு மூடியிருந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வண்டிகள் நின்றன. கார், டிராக்டர், பால்வண்டி, தபால் வேன். இரண்டு பக்கமும் குன்று ஏறி, குன்று இறங்கி, கண்ணுக்கு எட்டிய வரை ஒரே வண்டி. மாவட்டத்தில் உள்ள அத்தனை வாகனமும் அங்கேதான் நின்றது. ஒரு டிராக்டர் மேல் திராட்சைக் கொடி ஏறிக் காய்த்திருந்தது. பள்ளிப் பேருந்தில் இருந்த பிள்ளைகளுக்கு மீசை முளைத்திருந்தது. நீலக் கார்க்காரரும் வெள்ளைக் கார்க்காரியும் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு காருக்கும் நடுவில் கோழி வளர்த்தார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ரயில் வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

கேட்டருகில் அக்கா. புடவைக்கு மேல் கோட்டு, தலையில் ரயில்வே தொப்பி, கையில் சுருட்டிய கொடி. விறைப்பாக நின்று நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது.

அமலோற்பவம் பிரேக்கைப் பிடித்தாள். பின்னால் நாற்பத்திரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராக வந்து மோதி, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

"வண்டி இங்க நிக்கக் கூடாது," என்றாள் அக்கா. முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா. அன்னைக்கி ரோட்டுல ஒரு வண்டியும் இல்லக்கா. நான் கெளம்பவே இல்ல. ஊட்டுலதான் இருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"போன்ல டிவி சத்தம் கேட்டுச்சு. எவனோ வெங்காயம் வதக்கிக்கினு இருந்தான்."

அமலோற்பவம் இரண்டு பக்கமும் பார்த்தாள். குன்றுக்கு அப்பாலும் வண்டிகள் இருந்தன.

"பொய்யின்னு தெரிஞ்சும் என்னாத்துக்குக்கா இத்தினி வண்டியப் புடிச்சி நிறுத்தி வச்ச?"

அக்கா இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லா வண்டியும் இங்க நின்னுட்டா, அடுத்த தபா நீ அதையே சொல்ல முடியாதில்ல."

சொல்லிவிட்டு அக்கா அழுதாள். அமலோற்பவம் பதினோரு வருடம் பயந்த அழுகை அதுதான். பார்த்தாள். தாங்க முடிந்தது. தாங்க முடிந்ததே என்று அவளும் சேர்ந்து அழுதாள்.

கஸ்பார் தொண்டையைக் கனைத்தார். மூன்று மணிக்கு இரண்டு நிமிடம். வண்டி கிளம்பினால் தாண்டிப் போக வேண்டும், திரும்பி வர அட்டவணையில் இடமில்லை. கிளம்பாவிட்டால் ரத்து, கேட்கீப்பர் இல்லை என்று எழுத வேண்டியிருக்கும். பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். மனிதர் கெட்டவரில்லை, எழுதாமல் கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு வருடமாகப் படிக்க அவளுக்கு அங்கே ரயில்வே விதிப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது.

"பழுதான வண்டிய ரத்து பண்ண முடியாது, முசியே," என்றாள். "சரியாவற வரைக்கும் கேட்டு மூடியே இருக்கணும். கேட்கீப்பரும் இருக்கணும்."

கஸ்பார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். ஆனால் வண்டி பழுதாகவில்லையே என்றார்.

அமலோற்பவம் குனிந்து முன்சக்கரத்தின் வால்வைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று வெளியேறியது. பெரிய நீராவி எஞ்சின் மூச்சு விடுவது போல அது ஒரு நிமிடம் முழுக்க நீடித்தது. நாற்பத்திரண்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். 'பழுது' என்று எழுதிவிட்டு, கஸ்பார் முதல் தடவையாகச் சிரித்தார்.

சாலையின் இரண்டு பக்கமும் பெருமூச்சு கேட்டது. நாற்காலிகளை மறுபடி விரிக்கும் சத்தம் குன்றுகளுக்கு அப்பால்வரை போயிற்று. பால்வண்டிக்காரர் கேட்டுக்கு அந்தப்புறமிருந்து தலையை நீட்டி, வெறும் காற்றுதானே, அடித்துவிட்டால் கிளம்பிவிடலாமே, பம்பு இருக்கிறதா என்று மரியாதையாக விசாரித்தார்.

பம்பு சைக்கிளில்தான் மாட்டியிருந்தது. அக்கா அதைக் கழற்றித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பி, இல்லை என்றாள்.