படுக்கையறைக் கதவு

"நான் இவரைக் கூட்டிட்டுப் போகல. எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

டிஸ்சார்ஜுக்குப் பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டு மனைவி போட்ட குண்டு இது.

சக்கர நாற்காலியில் இருந்த எலக்ட்ரீஷியன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவனுடைய அம்மா எகிறினாள்.

"பாத்தீங்களா மேடம்? கால் போனதும் கழட்டிவிடப் பாக்குறா மகராசி!"

மேடம், அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர். கத்தலுக்கும் கண்ணீருக்கும் அசைந்து கொடுக்காதவள். இத்தனை நாள் வார்டில் தூங்காமல் கிடந்த மருமகளை ஒரு தரம் பார்த்தாள். ஓடிப்போகிறவளின் முகமாகத் தெரியவில்லை.

"அம்மா, கேன்டீன்ல நாலு டீ வாங்கிட்டு வாங்களேன்."

மாமியார் முனகிக்கொண்டே போனாள். கதவைச் சாத்தியாயிற்று.

"இப்ப சொல்லுங்க. என்ன கோபம்?"

"வீட்டுல, ஹால்ல இவருக்கு ஒத்தக் கட்டில். பக்கத்துல அத்தை கட்டில். நான் உள்ரூம்ல தனியா. மாத்திரை குடுக்கவும் துடைச்சுவிடவும் மட்டும்தான்னா ஒரு நர்ஸ் போதுமே. பொண்டாட்டி எதுக்கு?"

சமூகப் பணியாளருக்குச் சுருக்கென்றது. ஹால் ஏற்பாடு அவளுடையதுதான். வீட்டுக்கே போய் டேப் வைத்து அளந்தவள். படுக்கையறைக் கதவில் நாற்காலி நுழையாது, சரி, ஹால். குளியலறைக் கைப்பிடி வரைக்கும் விசாரித்தாள். எங்கே படுத்துக்கொள்வீர்கள் என்று இவர்களைக் கேட்கவில்லை. அந்த விஷயம் இனி இவர்களுக்கு இல்லையென்று தானாகவே முடிவு கட்டியிருந்தாள்.

அவன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினான். "டாக்டர்கிட்ட கேக்க வாய் வரல மேடம். எங்களுக்கு... இனிமே முடியுமா?"

"முடியும். பழைய மாதிரியே இருக்காது. உணர்ச்சி மாறியிருக்கும், சிலதுக்கு மருந்து இருக்கு. அதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கார், ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பாருங்க. நான் அப்பவே கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா வெக்கத்துல செத்திருப்பேன்."

"இப்ப மட்டும் என்னவாம்? காதெல்லாம் செவந்து கிடக்கு," என்றாள் மனைவி.

டீ வந்தது.

"அம்மா, உள்ரூம் கதவை இடிச்சு அகலமாக்கணும்," என்றாள் சமூகப் பணியாளர்.

"ஹாலே போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்."

"எதுக்கு இப்ப இடிக்கணும்?"

மகன்தான் பதில் சொன்னான்:

"அம்மா, எனக்குக் கால் மட்டும்தான் போச்சு."

மாமியார் மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். டீயை மருமகளிடம் நீட்டினாள்.

"கொத்தனாரை வரச் சொல்றேன். ஆனா என் கட்டில் ஹாலை விட்டு நகராது, ஆமா."

"ஹால்லதான் காத்து நல்லா வரும் அத்தை," என்று மருமகள் பெட்டியைத் தூக்கினாள்.